கல்லூரி வாயிலும் கட்டணப் பலகையும்

(சங்க ஆண்டு விழாவில், டாலிகஞ்சில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இம்முறை கல்லூரிச் சேர்க்கையையும் அதற்காகும் செலவையும் பற்றிப் பேசுமாறு நிருவாகக் குழுவினர் பணித்துள்ளார்கள். இலக்கியத்தை அறவே விட்டுவிட மனம் வரவில்லை. ஆதலின் நன்னூலிலிருந்தே தொடங்குகிறோம்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர், எவரெவர்க்கு நூல் கற்பிக்கலாம் என்று அறுவரை எண்ணிக் காட்டுகிறார். ஆசிரியனுடைய சொந்த மகன் ஒருவன். ஆசிரியனுக்கு ஆசிரியனாயிருந்தவனுடைய மகன் ஒருவன். அரசன் மகன் ஒருவன். பொருளை வாரி வழங்குவோன் ஒருவன். பணிந்து ஒழுகுவோன் ஒருவன். சொல்வதைச் சொன்னவாறே பற்றிக்கொள்ளும் கூர்மதியுடையோன் ஒருவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சேர்க்கை விதி இது. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின்மீது 2014இல் தொடுக்கப்பட்டு 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்ற வழக்கின்போது அப்பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறை ஊரறிய வெளிப்பட்டது. பழைய மாணவரின் மக்கள், பெருநன்கொடையாளரைச் சார்ந்தோர், அங்கே பணிபுரியும் ஆசிரியரின் மக்கள் ஆகியோர்க்குத் தனிச் சலுகை இருந்தமை அதில் தெரிந்தது. பவணந்தியார் அங்குச் சென்றிருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார்.

இவ்வறுவருள் நம் குடும்பத்துப் பிள்ளைகள் எந்த வகையினர்? நம்மில் அரசர் எவருமிலர். நம் முன்னோர் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கற்று, கிளைவ் தெரு அலுவலகங்களையும் இரயில்வே அலுவலகங்களையும் நம்பி இந்நகருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நிலபுலம் இல்லை, படிப்பே முதல். ஆகவே நம் பிள்ளைகள் ஆறாம் வகையினராக இருத்தல் வேண்டும். அது கைகூடாதபோது, நகையை அடகு வைத்து நான்காம் வகையினராக்க முயல்கிறோம். இன்றைய உரை இவ்விரு வகைகளுக்கும் இடையிலுள்ள வழியைப் பற்றியது.

விலையுயர்ந்த கல்வியே அரிய கல்வி என்ற எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டணம் இருபது இலட்சம் என்று கேட்டவுடன், அங்கு நுழைவது கடினம் போலும் என்று எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. வாயிலின் உயரம் வேறு, வாயிலின் விலை வேறு. ஒரு கல்வியிடத்தை மதிப்பிட வேண்டுமானால் மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும். ஒரு மாணவனைக் கற்பிக்க உண்மையில் ஆகும் செலவுக்கும் அவன் செலுத்தும் தொகைக்கும் உள்ள வேற்றுமையை யார் தாங்குகிறார்கள்?

நம் வீட்டருகிலிருந்தே பார்ப்போம். இங்கிருந்து சிறிது தொலைவிலேயே யாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது நிற்கும் சாலைக்கு இராஜா சுபோத் சந்திர மல்லிக் பெயர் இட்டிருக்கிறார்கள். வங்கப் பிரிவினைக் கிளர்ச்சியின்போது, ஆங்கில அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத கல்வி வேண்டும் என்று ஓர் இலட்சம் ரூபாய் வழங்கியவர் அவர். அவ்வாறு திரண்ட தனியார் பொருளைக் கொண்டு 1906இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் கல்லூரிக்கு முதல் முதல்வராக அமர்ந்தவர் அரவிந்தர். அவ்வழியில் வளர்ந்த நிறுவனமே 1955இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. தனியார் கொடையாகப் பிறந்து அரசின் பொறுப்பாக மாறிய அவ்விடத்தில் பொறியியல் மாணவனின் பாடக்கட்டணம் பல்லாண்டுகளாக ஆண்டொன்றுக்கு 2,400 ரூபாய் என்ற அளவிலேயே வைக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளில் ஒரு திங்களுக்கு ஆகும் பால் செலவை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் வாயிலோ மிக உயரம். மாநில நுழைவுத் தேர்வில் முன்னணியில் நிற்போர்க்கே அது திறக்கும். வேற்றுமையைத் தாங்குவது அரசு, அதாவது வரி செலுத்தும் நாம் அனைவரும்.

இனி நம் பிள்ளைகள் மிகுதியாக நாடும் வேலூரைப் பார்ப்போம். வேலூர் தொழில்நுட்ப நிறுவனம், மக்கள் வி.ஐ.டி. என்று அழைப்பது, 1984இல் கோ. விசுவநாதன் அவர்களால் 180 மாணவர்களோடு ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் கட்டண முறை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. நுழைவுத் தேர்வின் தரவரிசையைப் பொறுத்து மாணவரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையினர்க்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ இரண்டு இலட்சம்; கணிப்பொறியியல் போன்ற பிரிவுகளில் ஐந்தாம் வகையினர்க்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம். வகுப்பறை ஒன்றே, ஆசிரியரும் ஒருவரே, பட்டமும் ஒன்றே. நான்கு ஆண்டுகளில் ஒருவன் எட்டு இலட்சமும் அவன் அருகில் அமர்ந்திருப்பவன் இருபது இலட்சமும் செலுத்துகிறான். முதற்சில இடம் பெற்றோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிற்றூர் அரசுப் பள்ளியில் முதலிடம் பெற்ற ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் உணவும் உறையுளும் உட்பட இலவசமாகக் கற்பிக்கும் திட்டமும் 2008 முதல் அங்கு உண்டு.

இதைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. கட்டணப் பலகையை ஊரறிய வெளியிட்டு, தரவரிசைப்படி விலை வைக்கும் முறையில் ஒளிவுமறைவு குறைவு என்பதே நம் கருத்து. ஆயினும் பொருளை உணர்ந்துகொள்ள வேண்டும். இங்கே வேற்றுமையைத் தாங்குவது அரசன்று. பின்வரிசை மாணவனின் பெற்றோர். ‘பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது’ என்று ஒருவர் நம்மிடம் மகிழ்ச்சியோடு கூறும்போது, ‘எந்த வகையில்?’ என்று வினவுவது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அவ்வினாவைப் பெற்றோர் தமக்குள்ளாவது கேட்டுக்கொள்ள வேண்டும். கணிப்பொறியியல்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தால் ஐந்தாம் வகையை ஏற்பதா, வேறொரு பிரிவில் குறைந்த கட்டணத்தில் சேர்வதா என்று முடிவு செய்ய, சேர்க்கைக் கலந்தாய்வின்போது குறைந்த காலமே கிடைக்கும். அதற்கு முந்தைய இரவே வீட்டில் பேசி முடித்திருத்தல் நன்று.

பிலானியிலுள்ள பிர்லா நிறுவனம் மற்றொரு வகை. இக்கல்கத்தாவில் தொழில் பெருக்கிய கனசியாமதாஸ் பிர்லா, தம் சொந்த ஊராகிய பிலானியில் இருந்த கல்லூரிகளை இணைத்து 1964இல் அதனை உருவாக்கினார். அங்கே நன்கொடைக்கு இடமில்லை; தேர்வில் பெறும் தகுதி ஒன்றே அளவு. முன்பு பள்ளியிறுதி மதிப்பெண்களைச் சமப்படுத்திச் சேர்த்தார்கள். 2005 முதல் தனி நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 75உம், ஒவ்வொன்றிலும் 60உம் பெற்றிராதவர் தேர்வில் எவ்வளவு சிறந்தாலும் உள்ளே செல்ல இயலாது. வாயிலும் உயரம், விலையும் உயரம்: பாடக்கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது. தகுதிக்கும் வறுமைக்கும் உதவித்தொகைகள் உண்டு. அவை எத்தனை பேருக்கு, எந்த மதிப்பெண் அளவைக் காத்தால் தொடரும் என்பதைப் படித்தறிந்த பின்னரே கணக்கிட வேண்டும்.

நிற்க. இனிச் சொல்லப்போவது இந்நகரத்தார் அனைவர்க்கும் தெரிந்த ஓரிடத்தைப் பற்றியது. வேலூர் என்றவுடன் நம் வங்காளி நண்பர்கள் நினைப்பது பொறியியலை அன்று, மருத்துவத்தை. ஹவுராவிலிருந்து சென்னை செல்லும் வண்டிகளில் மருத்துவச் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்லும் வங்காளிக் குடும்பங்களை நாம் ஒவ்வொரு பயணத்திலும் காண்கிறோம். வேலூர்க் கடைவீதியில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. தமிழர் என்று அறிந்தவுடன் ‘உங்கள் வேலூர்’ என்று நம்மிடம் அன்பு காட்டாத வங்காளி அரியர்.

அந்தக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கதை 1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவ இல்லத்திலிருந்து வருகிறது. 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, விண்ணப்பிக்க ஆள் வருமா என்று ஐயுற்றவர் பலர். முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆண்களை 1947 முதல் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு நூறு இடங்களே உள்ள அக்கல்லூரி, இந்நாட்டில் நுழைவதற்கு மிக அரிய மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. அங்கே பாடக்கட்டணம் நெடுங்காலமாக ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் என்ற அளவில் வைக்கப்பட்டு வந்தது. விடுதிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செலுத்துவனவற்றைக் கூட்டினாலும் தொகை ஆயிரங்களிலேயே நின்றது, இலட்சத்தை எட்டவில்லை. இதே தமிழ்நாட்டில் நிகர்நிலை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கும் மேல் பெறுகின்றன. நான்கரை ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் அது ஒரு கோடியை நெருங்கும்.

அரசுக் கல்லூரியும் அல்லாத ஓரிடத்தில் இவ்வளவு குறைந்த கட்டணம் எவ்வாறு இயலும்? அங்கே வேற்றுமையைத் தாங்குவோர் பலர். மருத்துவமனையின் வருவாய் ஒரு பங்கு. நன்கொடையாளர் ஒரு பங்கு. மாணவனும் ஒரு பங்கு தாங்குகிறான், பணமாக அன்று, உழைப்பாக. பெரும்பாலான இடங்கள் கிறித்தவத் திருச்சபைகள் முன்மொழிந்து அனுப்புவோர்க்கு உரியவை. அவ்வாறு சேர்ந்தவர்கள் பட்டம் பெற்றபின் தம்மை அனுப்பிய சபையின் மருத்துவமனையில் இரண்டாண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். பவணந்தியாரின் ஐந்தாம் வகையும் ஆறாம் வகையும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. முற்காலத்தில் எழுத்துத் தேர்வில் தேறியவர்களைச் சில நாட்கள் கல்லூரியிலேயே தங்கவைத்து, குழுவாக வேலைகள் கொடுத்து, பேசிப் பார்த்து, சிற்றூரில் பணியாற்றும் மனம் இவனுக்கு உண்டா என்று சோதித்தே எடுத்தார்கள்.

அம்முறைக்கு நீட் தேர்வால் இடையூறு வந்தது. நாடெங்கும் ஒரே தேர்வு, அரசின் பொதுக் கலந்தாய்வு என்று 2017இல் விதித்தபோது, தங்கள் தெரிவு முறையை விட்டுக்கொடுக்க மறுத்த அக்கல்லூரி அவ்வாண்டு சேர்க்கையையே நிறுத்திவைத்தது. நூறு இடங்களில் ஒரே ஒருவர், போரில் உயிர்நீத்த வீரரின் குடும்பத்தவர்க்கான நடுவண் அரசு இடத்தில் சேர்ந்தவர், அவ்வாண்டு மருத்துவப் பட்ட வகுப்பில் இருந்தார். பின்னர்ச் சேர்க்கை மீண்டும் தொடங்கிற்று. 2020 ஏப்ரல் 29இல் உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரிகளும் சிறுபான்மையினர் கல்லூரிகளும் நீட் தேர்வுக்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. பணம் பெற்றுக்கொண்டு இடம் விற்ற கல்லூரிகளை அடக்குவதற்கு அவ்விதி தேவைப்பட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விற்காத கல்லூரிக்கும் அதே கடிவாளம் பூட்டப்பட்டது. மதிப்பெண்ணில் ஒருவனுடைய கூர்மை தெரியும். ஒரிசா மலைப்பகுதியில் மின்சாரம் நின்றுபோன இரவில் அவன் நோயாளியின் அருகில் இருப்பானா என்பது தெரியாது. இதில் கருத்து வேறுபாடுடைய அன்பர்கள் இவ்வவையிலேயே உள்ளனர் என்பதையும் அறிவோம்.

இடம் விற்பதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. 2002இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம், டி.எம்.ஏ. பாய் வழக்கில், தனியார் கல்வி நிறுவனங்கள் தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம், வளர்ச்சிக்கு வேண்டிய அளவு மிச்சமும் பிடிக்கலாம், ஆனால் கொள்ளை இலாபம் அடிக்கவும் நன்கொடை பறிக்கவும் கூடாது என்றது. ஆகவே சீட்டில்லாமல் எவரேனும் தொகை கேட்டால், அது நன்கொடை அன்று, குற்றம். இடைத்தரகர் ஒருவர் தமிழில் இனிக்கப் பேசுகிறார் என்பதற்காக நம்பிவிடுதல் வேண்டா. அயலூரில் தாய்மொழி கேட்டவுடன் நெஞ்சு இளகிவிடும் நம் இயல்பை அவர்கள் நன்கு அறிந்துள்ளார்கள்.

இனி நமக்கே உரிய இடர். தமிழ்நாட்டில் நம்மைக் கல்கத்தாக்காரர் என்கிறார்கள். கல்கத்தாவில் மதராசி என்கிறார்கள். கல்லூரி வாயிலில் நாம் எந்த ஊரார்?

இவ்வினாவுக்குப் பலர் அஞ்சி, இரு மாநிலத்திலும் நமக்கு உரிமையில்லை, தனியார் பல்கலைக்கழகமே கதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. மேற்கு வங்கப் பொறியியல் நுழைவுத் தேர்வின் விதிப்படி, இம்மாநிலத்தில் தொடர்ந்து பத்தாண்டு வாழ்ந்த மாணவன் இம்மாநிலத்தவனாகவே கருதப்படுவான். வங்காளியாய்ப் பிறத்தல் அங்கே தகுதியன்று. வாழ்ந்த ஆண்டுகளே தகுதி. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி சென்ற நம் பிள்ளைகளுக்கு யாதவ்பூரின் உள்ளூர் இடங்களில் முழு உரிமை உண்டு. உரிய படிவத்தில், உரிய அலுவலரின் கையொப்பத்தோடு, உரிய காலத்தில் சான்று பெறுதல் ஒன்றே வேண்டுவது. அச்சான்றைத் தேடிக் கலந்தாய்வுக்கு முந்திய வாரத்தில் ஓடுபவர்களையே நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

தமிழ்நாட்டிலும் வாயில் முற்றும் அடைபடவில்லை. வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்பதற்கு வட்டாட்சியரிடம் பிறப்பிடச் சான்றிதழ் பெற்றவர்கள் அங்குள்ள பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை; பள்ளியிறுதி மதிப்பெண்களே அளவு. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்க்கென ஒதுக்கிய நூற்றுக்கு ஏழரை இடங்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கே உரியவை. அவற்றில் நமக்குப் பங்கில்லை, பங்கு கேட்பது முறையுமன்று. மருத்துவச் சேர்க்கையில் ஒரே ஆண்டில் இரு மாநிலங்களுக்கும் உரியவர் என்று எழுதிக்கொடுப்பது பெரும் வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

சாதிச் சான்றிலும் ஒரு நுட்பம் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்குரிய சலுகை ஒருவர் குடிபெயர்ந்து சென்ற மாநிலத்துக்கு அவரோடு கூட வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எனவே தமிழ்நாட்டுச் சான்றைக் காட்டி மேற்கு வங்க ஒதுக்கீட்டைக் கேட்க இயலாது. ஆனால் நடுவண் அரசின் கல்வி நிறுவனங்களில், தந்தையின் பூர்விக மாநிலச் சான்று செல்லும். இவ்வேறுபாட்டை அறியாமல் தம் உரிமையை இழந்தவர்களும் உண்டு.

பணத்துக்கு வருவோம். நகையையும் வீட்டையும் எண்ணுவதற்கு முன் எண்ண வேண்டியவை இரண்டு. 2021 ஜூன் 30இல் மேற்கு வங்க அரசு தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டத்தில் பத்து இலட்சம் வரை கடன் உண்டு. வட்டி நூற்றுக்கு நான்கு, அதுவும் தனி வட்டி. திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள். இங்கும் தகுதி பத்தாண்டு வாழ்வுதான். படிப்பது இம்மாநிலத்திலேயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலூரில் படிக்கவும் பெறலாம். மற்றொன்று, நடுவண் அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டம். அது தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் கிடைக்கச் செய்வது. குடும்ப வருவாய் ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்கு உட்பட்டிருப்பின், பத்து இலட்சம் வரையுள்ள கடனுக்கு வட்டியில் நூற்றுக்கு மூன்று பங்கு தள்ளுபடியும் உண்டு. இருபது இலட்சச் செலவில் அக்கடன் அட்டையும் இவ்வட்டித் தள்ளுபடியும் பாதிக்குத்தான் ஈடுகொடுக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் காலனியில் ஒரு குடும்பத்தார் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் முன்பே ஒரு தனியார் நிறுவனத்தில் முன்பணம் செலுத்தினார்கள். பின்னர் அப்பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மூலச் சான்றிதழ்களை அந்நிறுவனம் திருப்பித் தர மறுத்தது. தந்தையார் மூன்று முறை இரயிலேறிச் சென்றார்; ஒவ்வொரு முறையும் போக வர மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாணவரின் மூலச் சான்றிதழ்களை எந்நிறுவனமும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதி கூறுகிறது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாக விலகுவோர்க்குச் சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திருப்பித் தருதல் வேண்டும். இறுதி நாளுக்குப் பின் பதினைந்து நாளுக்குள் விலகினால் நூற்றுக்கு எண்பது, முப்பது நாளுக்குள் எனின் ஐம்பது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. அவ்விதியின் படியை எடுத்துக் காட்டிய பிறகே நான்காம் பயணம் தேவையற்றதாயிற்று.

தேர்வு முடிவுகள் வரும் மே, ஜூன் திங்கள்களில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் சங்கத்தின் நூலக அறை திறந்திருக்கும். வங்கியிலும் கல்லூரியிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். நீங்கள் நாடும் கல்லூரியின் கட்டண அட்டவணை, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், பத்தாண்டு வாழ்வுக்கான பள்ளிச் சான்று, பூர்விக ஊர் ஆவணம் ஏதேனும் இருப்பின் அது, ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். கையொப்பம் இடுவது நாமாயினும், கடன் அவர்கள் பெயரில்தான் எழுதப்படும். மூக்குக் கண்ணாடியை மறவாதீர்கள். அக்கட்டண அட்டவணைகளின் அடிக்குறிப்புகள் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன.